என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை: நீலகிரி தோட்டத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வைத்தான் பள்ளிக்கூடங்களில் சுருக்கமாக ‘என்.எம்.எம்.எஸ்.’ என்கிறார்கள். கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி, குந்தா, ஊட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் லைன் வீடுகளில் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலானவை பரீட்சையைப் பற்றியவை அல்ல. பாஸான பிறகு பணம் ஏன் வரவில்லை என்பதைப் பற்றியவை. அதனால் இந்தப் பக்கத்திலும் அதற்குத்தான் அதிக இடம்.

மொத்தம் எவ்வளவு கிடைக்கும்?

மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஆண்டுக்கு 12,000. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகள், ஆக 48,000 ரூபாய். மாதாமாதம் வராது, ஓராண்டுப் பணம் மொத்தமாகப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஏறும். நாடு முழுக்க ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள்.

எட்டாம் வகுப்புவரை மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் ஸ்வெட்டரும் அரசே கொடுத்துவிடுகிறது. ஒன்பதில் அது நின்றுபோகும். ஸ்வெட்டர், இரண்டு செட் யூனிஃபார்ம், மழைக்கோட்டு எல்லாம் கைக்காசு. இந்த உதவித்தொகை தொடங்குவதும் அதே ஒன்பதாம் வகுப்பில்தான். ஆனால் பணம் ஜூன் மாதத்திலேயே வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். அந்தக் கல்வியாண்டு முடியும் தறுவாயில் வருவதும் உண்டு, முடிந்த பிறகு வருவதும் உண்டு.

எந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம்?

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, நகராட்சி போன்ற உள்ளாட்சிப் பள்ளி. தனியார் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சைனிக் பள்ளிகளுக்கும் இல்லை. அரசே தங்குமிடம், சாப்பாடு, படிப்பு மூன்றையும் கொடுக்கும் உறைவிடப் பள்ளிகளையும் விதிமுறை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ ஏகலைவா பள்ளியிலோ படிக்கும் பிள்ளை என்றால், தேர்வுக் கட்டணம் கட்டுமுன் தலைமையாசிரியரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய்ப் படிப்பது வேறு கதை. அதற்குத் தடையில்லை.

ஏழாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும்.

நாங்கள் இரண்டு பேருமே எஸ்டேட்டில் இலை எடுக்கிறோம். வருமான வரம்புக்குள் வருவோமா?

வரம்பு ஆண்டுக்கு 3,50,000 ரூபாய், அப்பா அம்மா இருவருடையதும் சேர்த்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 450 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் ஒருவருக்கு மாதம் 11,250, ஆண்டுக்கு 1,35,000. இரண்டு பேருக்கும் 2,70,000. வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். முன்பு வரம்பு 1,50,000 ஆக இருந்தது. அந்தப் பழைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ‘நமக்குக் கிடைக்காது’ என்று விண்ணப்பிக்காமலே விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சொந்தமாக அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் பச்சைத் தேயிலை விற்ற மொத்தத் தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். உரம், மருந்து, எடுப்புக் கூலி போக நிற்பதுதான் வருமானம். ஃபாக்டரி கொடுக்கும் மாதக் கணக்குச் சீட்டை எடுத்துப் போனால் கிராம நிர்வாக அலுவலரிடம் விளக்கச் சுலபம்.

வருமானச் சான்றிதழ் வாங்குவது எப்படி?

இ-சேவை மையத்தில் ‘ஆர்.இ.வி. 103’ என்ற சேவை. கட்டணம் 60 ரூபாய். ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ, சம்பளச் சீட்டு கொண்டு போங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), அடுத்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), அடுத்து மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மேலே போகும். கையெழுத்தானதும் போனுக்கு மெசேஜ் வரும்.

சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். எட்டாம் வகுப்பு தொடங்கும்போதே வாங்கி வைத்தால் ஒன்பதில் ஆன்லைனில் பதியும் நேரத்தில் காலாவதியாகி நிற்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் கரண்டும் நெட்டும் போனால் நாள்கணக்கில் வராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய சான்றிதழ் முடியும் தேதியைப் பார்த்து, மே மாதத்திலேயே புதியதற்குப் போட்டுவிடுவது நல்லது.

சாதிச் சான்றிதழ் கட்டாயமா?

மதிப்பெண் சலுகையும் இடஒதுக்கீடும் வேண்டுமென்றால் கட்டாயம். எஸ்.சி.க்கு வட்டாட்சியர் கொடுப்பார். எஸ்.டி.க்குக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும், நேரில் விசாரணையும் இருக்கும், அதனால் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு போட்டால் போதாது. சிலோனிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் பிள்ளையின் அப்பாவுக்கே சான்றிதழ் இருக்காது. அப்படியானால் தாத்தா பாட்டியின் தாயகம் திரும்பியோர் ஆவணங்களைத் தூசி தட்டி எடுங்கள். குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட் எதுவாக இருந்தாலும் சரி. அசலைக் கையிலிருந்து விடாமல் நகல் மட்டும் கொடுங்கள்.

விண்ணப்பம் எங்கே போடுவது?

பள்ளியில்தான். பெற்றோர் தாமாக ஆன்லைனில் போட முடியாது. படிவத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி, 50 ரூபாயோடு தலைமையாசிரியரிடம் கொடுத்தால் அவர் அரசுத் தேர்வுகள் இயக்கக இணையதளத்தில் பதிவேற்றுவார். ஹால் டிக்கெட்டும் அவர் வழியாகவே வரும்.

பரீட்சையில் என்ன கேட்பார்கள்?

இரண்டு தாள். முதலாவது மனத்திறன், 90 கேள்வி, 90 நிமிடம். அரை மணி நேர இடைவெளிக்குப் பிறகு படிப்பறிவுத் தாள், அதுவும் 90 கேள்வி, 90 நிமிடம். இரண்டாவதில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. பாடம் ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகங்களிலிருந்து. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எனவே ஒரு வட்டத்தையும் காலியாக விடக் கூடாது.

இரண்டு தாளும் சேர்த்து 180க்கு 72 எடுத்தால் தேர்ச்சி. எஸ்.சி., எஸ்.டி.க்கு 58. ஆனால் தேர்ச்சி வேறு, உதவித்தொகைக்குத் தேர்வாவது வேறு. இடங்கள் எண்ணிக்கை வைத்து மேலிருந்து எடுப்பார்கள்.

மனத்திறன் தாளுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. நன்றாகப் படிக்கும் பிள்ளையே தடுமாறுவது அங்கேதான். 3, 7, 15, 31 என்று எண்களைக் கொடுத்து அடுத்தது என்ன என்பார்கள். வித்தியாசத்தைப் பார்த்தால் 4, 8, 16 என்று இரட்டிக்கிறது. அடுத்த வித்தியாசம் 32, விடை 63. ஒருமுறை வழி பிடிபட்டால் கேள்விக்கு அரை நிமிடம் போதும். பிடிபடாவிட்டால் மூன்று நிமிடம் விழுங்கிவிடும், கிடைப்பதோ கேள்விக்கு ஒரு நிமிடம். பழைய வினாத்தாள்களை வைத்து, பக்கத்தில் கடிகாரத்தோடு, ஆகஸ்டிலிருந்தே தினமும் அரை மணி நேரம் போட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. காசு கொடுத்து கோச்சிங் போக வேண்டிய அவசியம் இதற்கு இல்லை என்பது எங்கள் கருத்து.

விடைத்தாளில் நடக்கும் பெரிய தப்பு: தெரியாத 23ஆம் கேள்வியை விட்டுவிட்டு 24க்கான விடையை 23ஆம் வரிசையில் நிழலிட்டுவிடுவது. அதற்குக் கீழே எல்லாமே ஒரு வரிசை மேலே ஏறிவிடும். ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் ஒருமுறை எண் சரியா என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்லிப் பழக்குங்கள்.

தேர்வு மையம் தூரத்தில் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

முதல் தாள் வழக்கமாகக் காலை 9.30க்கு. 9 மணிக்காவது உள்ளே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். ஞாயிறு, சனிக்கிழமைகளில் ட்ரிப் குறைவு, பந்தலூர் பக்கத்தில் விடியற்காலை ரோட்டில் யானை நின்றால் அவ்வளவுதான். முந்தைய நாளே மையத்துக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. இல்லையென்றால் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு ஜீப் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குளிரில் விறைத்த கையால் வட்டம் நிழலிட முடியாது. ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொடுத்தனுப்பி, உள்ளே போகுமுன் கையைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கறுப்புப் பால்பாயிண்ட் பேனா இரண்டு. ஒன்று குளிரில் எழுதாமல் மக்கர் பண்ணும்.

பாஸாகிவிட்டாள். இனி பணம் தானாக வந்துவிடுமா?

வராது. முக்கால்வாசிக் குடும்பங்கள் தப்பாக நினைப்பது இதைத்தான். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்ததற்குப் பிறகு, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதிதாகப் பதிய வேண்டும். பள்ளியில் என்.எஸ்.பி. என்பார்கள். முதலில் ஆதாரை வைத்து ‘ஓ.டி.ஆர்.’ எனப்படும் ஒருமுறைப் பதிவு. அதில் 14 இலக்க எண் ஒன்று வரும், அதைப் பிள்ளையின் நோட்டின் அட்டையிலும் வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். நான்கு ஆண்டுக்கும் அதே எண்தான். பிறகு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பம்.

அத்தோடும் முடியவில்லை. விண்ணப்பத்தைப் பள்ளி சரிபார்க்க வேண்டும், அடுத்து மாவட்ட அளவில் சரிபார்க்க வேண்டும். இரண்டுக்கும் கடைசித் தேதி உண்டு. ஏதாவது குறையிருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அந்தத் தகவல் நீங்கள் கொடுத்த போன் நம்பருக்குத்தான் வரும். அந்த நம்பர் மேஸ்திரியுடையதாகவோ பக்கத்து லைன் பையனுடையதாகவோ இருந்தால் செய்தி உங்களுக்குச் சேராமலே தேதி போய்விடும். வீட்டில் யாராவது ஒருவருடைய, மாற்றாத நம்பரைக் கொடுங்கள். பதிந்த இரண்டு வாரத்தில் பள்ளிக்குப் போய் ‘பள்ளி லெவலில் வெரிஃபை ஆகிவிட்டதா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எட்டில் அரசு நடுநிலைப் பள்ளியில் படித்து ஒன்பதில் வேறு உயர்நிலைப் பள்ளிக்கு மாறும் பிள்ளைகள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். பழைய பள்ளி ‘எங்கள் பிள்ளை இல்லை’ என்று விட்டுவிடும், புதிய பள்ளிக்கு இந்தப் பிள்ளை தேர்வானதே தெரியாது. சேர்க்கும் அன்றே தேர்வுப் பட்டியல் நகலைப் புதிய தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பெயர் ‘மேட்ச் ஆகவில்லை’ என்று வருகிறதே?

ஆதாரில் ‘கவிதா ரா’, பள்ளிப் பதிவான எமிஸில் ‘ரா. கவிதா’, வங்கியில் ‘கவிதா ராமசாமி’. வீட்டில் மூன்றும் ஒரே பிள்ளை, கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். எதை மாற்றுவது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஆதாரைத் தொடாதீர்கள், எமிஸைப் பள்ளியிலேயே திருத்திக்கொள்ளலாம், வங்கியிலும் ஆதாரைக் காட்டித் திருத்தலாம். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், பிறந்த தேதியை ஒரே முறைதான். அவசரத்தில் தப்பாக மாற்றிவிட்டால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் மறுபடி இடிக்கும்.

பிள்ளைக்கு 15 வயதானதும் ஆதாரில் கைரேகையும் கண்ணும் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பத்து, பதினொன்றாம் வகுப்பில் சரிபார்ப்பு தோல்வியாகும்.

வங்கியில் அம்மாவின் கைரேகை விழவே மாட்டேன் என்கிறது.

இலை எடுக்கும் கைகளுக்கு இது புதிதல்ல. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்திருக்கும், அதன் மேல் தேயிலைக் கறை கறுப்பாகப் படிந்து, பனிக்காலத்தில் தோல் வெடித்துமிருக்கும். மெஷினுக்கு அந்த விரலில் படிக்க ஒன்றுமில்லை. வெந்நீரில் கை கழுவி, துளி தேங்காய் எண்ணெய் தேய்த்து, நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். காலை எட்டு மணிக் குளிரைவிட மத்தியானம் நன்றாக விழும். பெருவிரலையே பத்து முறை அழுத்த வேண்டாம். மோதிர விரல், சுண்டு விரல் அதிகம் தேயாது, அவற்றை வைத்துப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் கண் ஸ்கேன் அல்லது முகம் வைத்துச் சரிபார்க்கும் வசதியைக் கேளுங்கள். ஆதாரில் போன் நம்பர் இணைந்திருந்தால் பல இடங்களில் ஓ.டி.பி. போதும். ஒரு நாள் கூலியை விட்டு வங்கிக்குப் போகிறீர்கள், அதனால் முந்தைய நாளே எண்ணெய் தேய்த்து வையுங்கள்.

அக்கவுண்ட் இருக்கிறது, ஆதாரும் கொடுத்தோம். பணம் மட்டும் வரவில்லை. ஏன்?

ஆதார் நகலை வங்கியில் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைப்பது வேறு. இதை ‘சீடிங்’ என்பார்கள். இந்தப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. எந்தக் கணக்கு கடைசியாக ஆதாரோடு சீடிங் ஆனதோ அதில்தான் ஏறும். பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் ஒரு வங்கியிலும் எட்டாம் வகுப்பில் தபால்காரர் மூலம் போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்கிலும் கணக்குத் தொடங்கியிருந்தால், பணம் இரண்டாவதில் கிடக்க நீங்கள் முதலாவது பாஸ்புக்கை என்ட்ரி போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆதார் இணையதளத்தின் ‘மை ஆதார்’ பக்கத்தில் வங்கி சீடிங் நிலை என்ற இடத்தில் எந்த வங்கி என்று காட்டும்.

அம்மாவும் பிள்ளையும் சேர்ந்த கணக்கு என்றால் இன்னொரு சிக்கல். வங்கியில் அம்மாவின் ஆதாரை மட்டும் சீடிங் செய்திருப்பார்கள். நூறு நாள் வேலைச் சம்பளம் வரும், உதவித்தொகை வராது. பிள்ளைக்கு 10 வயது நிரம்பியிருந்தால் தன் பெயரிலேயே தனிக் கணக்குத் தொடங்கலாம். அதுதான் வம்பில்லாதது.

பன்னிரண்டாம் வகுப்புப் பணத்துக்கு ஒரு கண்ணி காத்திருக்கிறது. பணம் வருவதற்குள் பிள்ளைக்கு 18 முடிந்துவிடும், மைனர் கணக்கு நின்றுபோகும். பிறந்தநாள் முடிந்த அடுத்த வாரமே வங்கிக்குப் போய் மேஜர் கணக்காக மாற்றிவிடுங்கள்.

ஒருமுறை பதிந்தால் நான்கு ஆண்டுக்கும் போதுமா?

போதாது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முயற்சியிலேயே பாஸாக வேண்டும். பதினொன்றில் தொடரப் பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் தேவை, அதாவது 500க்கு 300. எஸ்.சி., எஸ்.டி.க்கு 275. இந்த விதி தெரியாமல் பத்தாம் வகுப்பில் 290 எடுத்துவிட்டு ‘ஏன் நின்றது’ என்று அலைவதுண்டு. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் நின்றுவிடும்.

எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகையும் சேர்த்து வாங்கலாமா?

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கான மத்திய அரசின் ப்ரீ-மெட்ரிக் உதவித்தொகையையும் இதையும் ஒன்றாக வாங்க முடியாது. என்.எம்.எம்.எஸ். தொகைதான் பெரியது, அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பெயர் இருந்தால் இரண்டும் சிக்கிக்கொள்ளும் என்பதால் பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதில் கிடைக்கவில்லை. வேறென்ன இருக்கிறது?

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, டிரஸ்ட் எக்ஸாம் என்பார்கள். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான், வருமான வரம்பும் 1 லட்சம்தான், நகராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கும் கிடையாது. இந்தக் கடைசி விதி நம் மாவட்டத்தில் கொஞ்சம் அநியாயம். நெல்லியாளம் பெயருக்கு நகராட்சி, போய்ப் பார்த்தால் தோட்டமும் காடும். ஆனாலும் விதி விதிதான்.

பதினொன்றில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தான் பாடம், தமிழில் கெட்டிக்காரப் பிள்ளை தவறவே விடக் கூடாது. தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியமும், குன்னூரில் அலுவலகம் உள்ள தேயிலை வாரியமும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகின்றன. உங்கள் எஸ்டேட் ஆபீஸில் படிவம் கேளுங்கள்.

அப்பா விபத்தில் இறந்துவிட்டார்.

சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 75,000 ரூபாய் தனியாக உண்டு. என்.எம்.எம்.எஸ்.ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதை வாங்கினாலும் இதை வாங்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகலோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். வருமானச் சான்றிதழை அம்மா பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்.

‘ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று போன் வருகிறது.

வைத்துவிடுங்கள். பிள்ளை பெயர், பள்ளி பெயர் எல்லாம் சரியாகச் சொன்னாலும் வைத்துவிடுங்கள். உண்மையான உதவித்தொகைக்கு யாரும் போனில் ஓ.டி.பி. கேட்பதில்லை. சந்தேகம் என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் கேளுங்கள், ஆதார் பிரச்சினைக்கு 1947.